ஆறு மணி வாடிக்கையாளர்

தாமல் கிராமத்தில் இருக்கும் கண்ணாயிரத்தின் வலது கை, மாலை ஆறு மணிக்கு மேல் என்ன செய்கிறது என்று எனக்குப் புரியவேயில்லை.

காஞ்சிபுரத்தில் ஒரு பட்டுக் கடையில் இருபது வருடம் புடவை விரித்துக் காட்டியவர் அவர். மழையில் பைக் சறுக்கி மணிக்கட்டு உடைந்து, பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது, உள்ளங்கையை மேலே திருப்பத்தான் முடியவில்லை. அவரைப் போல தினமும் பஸ் ஏறிப் பயிற்சிக்கு வர முடியாதவர்களுக்காக ஏனாத்தூர் மருத்துவக் கல்லூரியில் நாங்கள் ஓர் ஆய்வு நடத்துகிறோம். கையில் ஒரு சென்சார் பட்டை, எதிரே ஒரு டேப்லெட். கையைச் சரியாகத் திருப்பினால் டேப்பில் மரத்திலிருந்து ஆப்பிள் கூடையில் விழும். தோளைத் தூக்கி ஏமாற்றினால் பட்டை அதிரும். எண்ணிக்கை என் கணினிக்கு வந்துவிடும். ஆப்பிள் என்று முடிவு செய்தவள் நான்தான். பஸ்ஸில் நான் படிக்கும் நாவல்களில் உடம்பு சரியில்லாதவர்கள் எல்லோரும் ஆப்பிள் தோட்டத்துக்குப் போய்த்தான் தேறுகிறார்கள்.

கண்ணாயிரம் கடனே என்று ஒரு நாளைக்கு எட்டு ஆப்பிள் பறித்தார். ஆனால் ஆறிலிருந்து ஏழு வரை, விளையாட்டைத் திறக்காமலே, நூற்றைம்பது திருப்பம் பதிவாகியிருந்தது. பட்டையை வேறு யாரோ கட்டிக்கொண்டு மாவு பிசைகிறார்கள் என்று நினைத்து, ஒரு நாள் சொல்லாமல் போய் வாசலில் நின்றேன்.

உள்ளே பாய் விரித்திருந்தது. அவருடைய மனைவி பொன்னி சுவரில் சாய்ந்து ராணி மாதிரி உட்கார்ந்திருந்தார். எதிரே மண்டியிட்டிருந்த கண்ணாயிரத்தின் கையில் ஒரு பழைய லுங்கி.

“இத்த பாருங்கம்மா. கட்டம் எப்டி உழுந்துக்கீது! எடுத்துக் குடுத்தீங்கன்னா சம்மந்தி வாயே தொறக்க மாட்டாங்க.”

“இன்னா கடைக்காரரே, டல்லடிக்குதே. வேற காட்டுங்க.”

அடுத்து ஒரு போர்வை. ஒரே வீச்சு, அது பாய் முழுக்க விரிந்தது.

என்னைப் பார்த்ததும் கண்ணாயிரத்துக்கு வெட்கம். “ஆப்பிள்னா கை வர மாட்டேங்குது மேடம். எதிர்ல கஸ்டமர் உக்காந்தா தானா திரும்புது.”

பொன்னிக்கு வெட்கமெல்லாம் இல்லை. “காலைலேர்ந்து ‘ஏய், டீ போடு’ன்னு கத்திக்கினு இருக்கற மனுசன், ஆறு மணியானா ‘வாங்கம்மா, உக்காருங்கம்மா’ன்றாரு. நான் ஏன் உடறேன்? எத்தக் காட்னாலும் புடிக்கலன்னுதான் சொல்வேன்.”

எங்களிடம் பதிந்த முப்பது பேரில் வேகமாகத் தேறுவது அவர் கைதான். ஆனால் நாங்கள் நிதி வாங்கியது ஆப்பிளுக்கு. அடுத்த வாரம் நிதி தரும் அமைப்பிலிருந்து பிரியதர்ஷினி என்ற பேராசிரியர் இந்த வீட்டுக்கே நேரில் பார்க்க வருகிறார். அவர் வேண்டாம் என்று எழுதிவிட்டால் இரண்டாம் ஆண்டு கிடையாது. பட்டைகள் மாதக் கடைசியில் பெட்டிக்குள் போய்விடும். கண்ணாயிரத்தின் கையோ பாதி வழிதான் வந்திருந்தது. பட்டை இல்லாவிட்டால் மீதி கோணலாகப் பழகிவிடும்.

“அன்னிக்கு மட்டும் ஆப்பிள் பறிங்கண்ணே. லுங்கி வேணாம்” என்றேன்.

“அப்ப நான்?” என்றார் பொன்னி.

“நீங்க வீட்டம்மாவா இருங்கக்கா.”

“அதான் தெனமும் இருக்கறனே.”

பேராசிரியர் வந்த அன்று கண்ணாயிரம் பத்து நிமிடத்தில் மூன்று ஆப்பிள் பறித்தார். மூன்றாவது கூடைக்கு வெளியே விழுந்தது. அதற்கும் டேப் “சபாஷ்!” என்றது.

பிரியதர்ஷினி என் தாள்களைப் புரட்டினார். “தினமும் ஆறு மணிக்கு இவர் என்ன பண்றார், துர்கா?”

‘சென்சார் கோளாறு’ என்பது என் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொல்லியிருந்தால் அந்த ஒரு மணி நேரத்தையே கணக்கிலிருந்து அடித்திருப்பார்கள். எங்கள் ஆய்வில் உருப்படியான ஒரே கை அதோடு போயிருக்கும்.

“புடவை விக்கிறார் மேடம்.”

“யாருக்கு?”

“எனக்குத்தாம்மா” என்றார் பொன்னி. “இதுவரைக்கும் ஒண்ணுகூட எடுக்கல.”

பிரியதர்ஷினி சிரிக்கவில்லை. கைப்பையை ஓரமாக வைத்துவிட்டுப் பாயில் உட்கார்ந்தார். “மயில்கழுத்து கலர் இருக்கா?”

கண்ணாயிரம் போய்க் கை கழுவித் துடைத்துக்கொண்டு வந்தார். பொன்னியின் கல்யாணப் புடவை விரிந்தது. பிறகு நைலக்ஸ், காட்டன், ஜன்னல் திரை. “பார்டர் இன்னும் சின்னதா வேணுமே” என்று பிரியதர்ஷினி கேட்கும்போது அவர் ஆய்வை மறந்துவிட்டார் என்றே எனக்குத் தோன்றியது.

“அவரு சொல்றத நம்பாதீங்கம்மா, அது சாயம் போவும்” என்று பக்கத்திலிருந்து பொன்னியின் குரல் வந்துகொண்டே இருந்தது.

பதினொன்றாவது புடவையில் கை பாதியில் நின்றது. பட்டை அதிர்ந்தது. இன்னொரு முறை முயன்றார். விரல்களிலிருந்து புடவை சரிந்தது.

“மிச்சத்த நாளைக்குக் காட்டட்டுமாம்மா?” என்றார். இருபது வருடத்தில் எந்த வாடிக்கையாளரிடமும் அவர் அப்படிச் சொன்னதில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. பொன்னி எழுந்து வந்து அதை மடித்து வைத்தார்.

“இன்னும் எவ்வளவு நாள் ஆகும்?” என்று பிரியதர்ஷினி என்னிடம் கேட்டார்.

“ஆறு மாசம் மேடம். பட்டை இருந்தா.”

“இதை ஏன் அறிக்கையில எழுதல?”

“ஆப்பிளுக்குத்தானே நிதி கேட்டோம்.”

“அப்ப இதுக்குக் கேளுங்க. ஒவ்வொருத்தரும் விபத்துக்கு முன்னாடி கையால என்ன பண்ணாங்களோ, அதையே வீட்ல பண்ணட்டும். எண்ணுறதைப் பட்டை பாத்துக்கும். நான் பரிந்துரை பண்றேன்.”

மூன்று வாரத்தில் அனுமதி வந்தது. புதிய திட்டத்தில், ஒவ்வொரு வீட்டிலும் தேவைப்படுபவை என்ற இடத்தில் ‘எதைக் காட்டினாலும் திருப்திப்படாத ஒருவர்’ என்று எழுதியிருந்தேன். எங்கள் தலைமைப் பேராசிரியர் அதை அடித்துவிட்டு ‘குடும்ப உறுப்பினர்’ என்று போட்டிருந்தார். ஒப்புதல் படிவத்தைப் பொன்னிக்குப் படித்துக் காட்டினேன்.

“குடும்ப உறுப்பினரா? அதெல்லாம் ரேசன் கார்டுல இருக்குது. கஸ்டமர்னு போடும்மா. இல்லாங்காட்டி நாளைலேர்ந்து எத்தக் காட்னாலும் ‘நல்லா இருக்குது’ன்னு சொல்லிடுவேன். அப்பறம் இவரு கை எப்டித் திரும்புதுன்னு பாக்கலாம்.”

“போட்டுடுங்க மேடம்” என்றார் கண்ணாயிரம் அவசரமாக. “சொன்னா செஞ்சுடுவா.”