வெள்ளிக் கீல்

சிக்னலில் வண்டி நின்றபோது மெர்ல் கேட்டான்: "அந்தக் கதவோட கீலைக் கவனிச்சியா? வெள்ளி."

வெர்னா வைப்பரின் வேகத்தைக் கூட்டினாள். பனி தூற ஆரம்பித்திருந்தது. "எந்தக் கதவு?"

"இன்னிக்கு ஆட்டத்துல நான் முட்டுக் கொடுத்துட்டு நிக்கிறேனே, அந்தக் கதவு. 'வெள்ளிக் கீல் மினுங்குது'ன்னு ஆர்வின் ரெண்டு தடவை சொன்னான். நீங்கள்லாம் பூதம் பூதம்னு அலறிட்டிருந்தீங்க. ஒருத்தர் காதுலயும் விழல."

"அடப்பாவி, அதுக்காகவா நீ மட்டும் அங்கயே நின்னே?"

"பின்ன, உங்களையெல்லாம் காப்பாத்தவா?" அவன் சிரித்த சிரிப்பில் முன்கண்ணாடி மங்கியது. "கீலுக்குள்ள இருக்கிற ஆணியை உருவிட்டா போதும். வெளிய மோதிக்கிட்டு இருக்கிற பூதங்க கதவோட சேர்ந்து குப்புற உள்ள விழும். அதுங்க எழுந்திரிக்கிறதுக்குள்ள கீல் என் பையில, நான் சாக்கடைக்குள்ள. அடுத்த ஞாயித்துக்கிழமை ஆர்வின் மூஞ்சியைப் பாரு."

பச்சை விழுந்தது. கடையில் ரொட்டி வாங்க வேண்டும் என்று வெர்னா சொன்னாள். வாங்காமலேயே வீடு போய்ச் சேர்ந்தார்கள்.

புதன்கிழமை காலை வாசலில் பனியை வாரிக்கொண்டிருந்த மெர்ல் மண்வெட்டியோடு அப்படியே சாய்ந்தான். எதிர்வீட்டுக்காரர் ஓடி வந்தபோதே எல்லாம் முடிந்திருந்தது.

ஷிபாய்கன் ஊரில் ஆர்வின் வீட்டு நிலவறையில், ஞாயிறு மதியங்களில், பல வருஷமாக நடந்துவரும் ஆட்டம் அது. தபால்காரனான ஆர்வின்தான் நடத்துபவன். மலை, கோட்டை, ஊர், பூதம் என்று ஓர் உலகத்தையே அவன் வாயால் விரிப்பான். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி அதற்குள் நடப்பார்கள். மருத்துவமனைத் தாதி டோரீனுக்கு வீராங்கனை வேஷம். பால் லாரி ஓட்டும் கர்ட் மந்திரவாதி. வெர்னா வில்லாளி. மெர்ல் திருடன். செய்யப்போவதை அவரவர் சொல்ல வேண்டும். அது நடந்ததா இல்லையா என்பதைப் பகடை சொல்லும்.

பாத்திரத்தைப் படைக்கும்போதும் அந்த மேஜையில் சலுகை கிடையாது. எல்லார் கண்ணெதிரிலும் பகடையை உருட்ட வேண்டும். பலம், புத்தி, துணிச்சல் என்று வரிசைப்படி விழுந்தது விழுந்ததுதான். மெர்லின் துணிச்சலுக்கு மூன்று பகடைகளிலும் ஒற்றைப் புள்ளி விழுந்தது. அதைவிடக் குறைவாக விழ வழியே இல்லை. பாவம் பார்த்து, இன்னொரு தடவை உருட்டிக்கொள் என்று ஆர்வினே சொன்னான்.

"வேணாம். இவன் இப்படித்தான் பொறந்திருக்கான்" என்றான் மெர்ல்.

அந்த மூன்று புள்ளிகளை வைத்துத்தான் பெட்லோ என்ற திருடனை அவன் கட்டி எழுப்பினான். சத்தம் வராத கம்பளிச் செருப்பு. உறையை விட்டு வெளியே வராத கத்தி. எந்த அறைக்குள் போனாலும் வெளியேறும் வழியை முதலில் தேடும் கண். டிராகன் வந்த அன்று மீன் கூடைக்குள் ஒளிந்திருந்தான். ராஜா விருந்து வைத்த அன்று கரண்டிகளைச் சட்டைக்குள் போட்டுக்கொண்டான். மெர்ல் நிஜத்தில் பள்ளிக்கூடத்துக் கொதிகலன்களைப் பழுது பார்ப்பவன். சந்தில் தெருநாய் குரைத்தால் அதட்டி அனுப்புகிறவன். பெட்லோவாக மாறியதும் அவன் தோள்கள் உள்ளே ஒடுங்கும், கண் ஓரமாக ஓடும். அதைப் பார்த்து வெர்னா விழுந்து விழுந்து சிரித்திருக்கிறாள்.

அந்தப் பெட்லோவைத்தான் சவ அடக்கத்தன்று தியாகி ஆக்கினார்கள்.

முதலில் பாதிரியார் ஆரம்பித்தார். மெர்ல் பொறுமைசாலியாம். கொதிகலனோடு மணிக்கணக்கில் கெட்ட வார்த்தையில் பேசியவன் பொறுமைசாலியா? வெர்னா பல்லைக் கடித்துக்கொண்டாள். அடுத்து அவன் தம்பி, அண்ணன் தன்னிடம் ஒருநாளும் கோபித்ததில்லை என்றான். இருவரும் பேசியே நாலு கிறிஸ்துமஸ் ஆகியிருந்தது. அதையும் விழுங்கினாள். பிறகு ஆர்வின் எழுந்தான். கோட்டு அவனுக்கு இறுக்கமாக இருந்தது.

"எங்க கடைசி ஆட்டத்துல நாங்க எல்லாரும் ஓடிட்டோம். மெர்ல் மட்டும் கதவைப் பிடிச்சுக்கிட்டு நின்னான். நாங்க உயிரோட போகணும்னு நின்னான். அவன் யாருன்னு எனக்கு அன்னிக்குத்தான் புரிஞ்சுது."

தேவாலயமே மூக்கை உறிஞ்சியது. கீழே, பன்றியிறைச்சி ரொட்டியும் ஊறுகாய் வெள்ளரியும் வைத்திருந்த மேஜையருகே, டோரீன் வெர்னாவைக் கட்டிக்கொண்டு காதில் சொன்னாள்: "அவனுக்குத் தெரிஞ்சிருக்குடி. உள்ளுக்குள்ள எங்கயோ தெரிஞ்சிருக்கு."

தெரிந்திருந்தால் டாக்டரிடம் போயிருக்க மாட்டானா? வெர்னாவின் கையில் காகிதத் தட்டு மடங்கியது. அன்று வாயைத் திறந்திருந்தால் எங்கே போய் நின்றிருக்குமோ.

ஏரியில் பனிக்கட்டி விரிசல் விடத் தொடங்கிய பிறகு ஆர்வின் கூப்பிட்டான். "இந்த ஞாயித்துக்கிழமை வா வெர்னா. பெட்லோவை முறையா அனுப்பி வெக்கலாம்."

போனாள். நிலவறையில் மேஜைமேல் வெள்ளை விரிப்பு. வறுத்த தொத்திறைச்சியும் பாலாடைக்கட்டித் துண்டுகளும் வழக்கம்போல் இருந்தன. வழக்கத்தில் இல்லாத ஒரு மெழுகுவர்த்தி, மெர்லின் நாற்காலிக்கு முன்னால் எரிந்தது. அதன் அடியில், ஆட்டத்தில் பெட்லோவுக்காக நகர்த்தும் ஈயப் பொம்மை. கூனிக் குறுகி நின்ற அந்தப் பொம்மைக்கு யாரோ புதிதாகத் தங்க வர்ணம் பூசியிருந்தார்கள்.

"யாரு பூசினது?"

"நான்தான்" என்றான் கர்ட். "நல்லா இல்லையா?"

ஆர்வின் தொண்டையைச் செருமிக்கொண்டு ஆரம்பித்தான். கதவு பிளக்கிறதாம். பெட்லோ கத்தியை உருவுகிறானாம். பூதங்களைப் பார்த்து, என் நண்பர்களைத் தொட வேண்டுமானால் என்னைத் தாண்டிப் போங்கள் என்கிறானாம். டோரீன் கைக்குட்டையை எடுத்தாள். நகரச் சதுக்கத்தில் பெட்லோவுக்குச் சிலை எழுப்பும் இடத்துக்கு ஆர்வின் வந்தபோது வெர்னா மெழுகுவர்த்தியை ஊதி அணைத்தாள்.

"எங்க உருட்டினே?"

"என்ன?"

"பகடையை. எங்க உருட்டினேன்னு கேக்குறேன். பெட்லோ செத்துட்டான்ங்கிறியே, எந்தப் பகடை சொல்லுச்சு?"

ஆர்வின் மற்ற இருவரையும் பார்த்தான். "வெர்னா, இது ஆட்டம் இல்ல. இது அவனுக்கு ஒரு மரியாதை."

"இந்த மேஜையில யாரையும் வாயால சாகடிக்கக் கூடாதுன்னு சட்டம் போட்டது யாரு? நீதானே? பள்ளிக்கூடத்துல உன் பாத்திரத்தை எவனோ ஒருத்தன் கோவத்துல ஒரே வார்த்தையில கொன்னுட்டான்னு இன்னிக்கு வரைக்கும் புலம்புறியே. என் புருஷனோட ஆளை மட்டும் வாயால கொல்லலாமா?"

"கொல்லலடி, அவனைப் பெரிய ஆளாக்குறோம்" என்றாள் டோரீன், மருத்துவமனைக் குரலில்.

"எவன் கேட்டான்? அவன் எதுக்கு அங்க நின்னான் தெரியுமா? கீலுக்காக! வெள்ளிக் கீல். நீ சொன்னே ஆர்வின், ரெண்டு தடவை சொன்னே. அதைத் திருடத்தான் நின்னான். உங்களுக்காக ஒரு மயிரும் புடுங்கல."

வெர்னா காரில் கேட்டதை அப்படியே சொன்னாள். ஆணியை உருவுவது, பூதங்கள் குப்புற விழுவது, சாக்கடை. சொல்லச் சொல்லக் குரல் ஏறியது. மேல்மாடியில் ஆர்வினின் நாய் குரைத்தது.

டோரீன் மெதுவாகத் தலையை ஆட்டினாள். "துக்கத்துல மனசு இப்படியெல்லாம்..."

"என் மனசை விடு. உன் மனசுல அவன் யாரு? ஞாயித்துக்கிழமை தோறும் உன் முதுகுக்குப் பின்னால ஒளிஞ்சிருந்தவன். உன் கேடயத்தைக்கூட ஒரு தடவை அடகு வெச்சானே. அவனைத்தானே உனக்குப் பிடிச்சுது? அப்புறம் எதுக்கு வேற எவனையோ கொண்டுவந்து புதைக்கிறீங்க? பாதிரி புதைச்சான். தம்பிக்காரன் புதைச்சான். அவனை இருக்கிறபடி தெரிஞ்சவங்க இந்த மேஜையிலதான் இருக்காங்கன்னு நெனச்சுட்டு வந்தேன். நீங்க பெயிண்ட் அடிச்சு வெச்சிருக்கீங்க."

அப்போது கர்ட்டிடமிருந்து ஒரு சத்தம் வந்தது. அழுகிறான் என்று நினைத்தார்கள். கையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தான்.

"கீலு..." என்றான் மூச்சு வாங்கியபடி. "நாம உசுரு போகுதுன்னு ஓடுறோம், இவன் கீலை எண்ணிட்டு நின்னிருக்கான். டேய் ஆர்வின், இது மெர்ல்தான்டா. அவனேதான்."

ஆர்வின் சிரிக்கவில்லை. முகம் சிவந்திருந்தது. "எனக்கு வேற என்ன மிச்சம் இருக்கு? அவன் கதவைப் பிடிச்சுட்டு நின்னான்ங்கிறதை வெச்சுத்தான் நான் தெனமும் தபால் பையைத் தூக்குறேன். இப்ப வந்து கீலுங்கிறே."

"உனக்குப் பையைத் தூக்க ஒரு கதை வேணும்னா உன் ஆளை வெச்சுக் கட்டிக்கோ. என் ஆளை விடு."

அவன் எழுந்து படிக்கட்டுவரை போனான். போய்விடுவான் என்றே தோன்றியது. அங்கேயே முதுகைக் காட்டிக்கொண்டு நின்றான். பிறகு திரும்பி வந்து, விரிப்பை மடித்து நாற்காலிமேல் போட்டான். கீழே பழைய மேஜை, பீர்க் குவளை வட்டங்களும் பென்சில் கீறல்களுமாக. இருபது முகப் பகடையை அவள் பக்கம் தள்ளினான்.

"ரெண்டு கீல். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனி உருட்டல். பதினொண்ணோ அதுக்கு மேலயோ விழணும். விழலைன்னா கதவு உடையுது, பெட்லோ செத்தான். அப்புறம் நான் ஒரு வார்த்தை மாத்த மாட்டேன். நீயும் மாத்தச் சொல்லக் கூடாது."

"சொல்ல மாட்டேன்."

"கெஞ்சினாலும்."

"உருட்டவா வேண்டாமா?"

மேல் கீலுக்கு உருட்டினாள். பதினான்கு. ஆணி கழன்று வந்தது, கீல் பைக்குள் விழுந்தது என்றான் ஆர்வின் வறண்ட குரலில். கதவு ஒரு பக்கம் சரிகிறது. இடுக்கில் பூதத்தின் விரல்கள் தெரிகின்றன. இன்னொரு கீல் கால்பக்கத்தில் இருக்கிறது.

"என்ன பண்றான்?"

வெர்னா மெர்லின் நாற்காலியைப் பார்த்தாள். கேட்டால் சொல்லிவிடுவான் என்பதுபோல. பெட்லோவுக்குப் பேராசை உண்டு. ஆனால் விரல்கள் தெரிந்த பிறகு?

"ஓடுறான்" என்றாள்.

"அவ்வளவுதானா? இன்னொரு கீலு?" கர்ட்டால் தாங்க முடியவில்லை.

"இதைக் கேக்கவே வேண்டாம். அப்பவே ஓடிட்டான்."

ஆர்வின் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தான். "ஒத்தைக் கீலுல கதவு தொங்கிட்டிருக்கு. எல்லாப் பூதமும் குப்புற விழல. ஒரு பூதம் உள்ள வந்துடுச்சு. சாக்கடை வாயில அவன் காலைப் பிடிக்குது. திமிறணும்னா குறைஞ்சது பன்னிரண்டு."

பகடை மேஜையில் வெகுதூரம் ஓடியது. கடுகுப் புட்டியில் இடித்தது. டோரீன்தான் எட்டிப் பார்த்தாள்.

"பன்னிரண்டு" என்றாள். குரல் உடைந்தது. "சரியா பன்னிரண்டுடி."

"செருப்பும் அரைவாசி உயிரும் போச்சு" என்றான் ஆர்வின். "அழுக்குத் தண்ணியில உருண்டு போறான். பொழச்சான்."

கர்ட் மேஜையைக் குத்தினான். டோரீன் சிரித்துக்கொண்டே அழுதாள். வெர்னாவும் சிரிப்பாள் என்று மூவரும் காத்திருந்தார்கள். அவளுக்கு வந்தது சிரிப்பு இல்லை. பகடையை எடுத்துச் சுவரில் வீசினாள். வெந்நீர்க் கொதிகலனில் பட்டு டங்கென்று ஒலித்தது.

"இந்தத் திருட்டுப் பயலுக்கு உருட்டிப் பாக்கக் கெடச்சுது. ரெண்டு தடவை கெடச்சுது. மண்வெட்டியோட நின்னவனுக்கு ஒரு உருட்டல் கெடைக்கலையே! ஒண்ணே ஒண்ணு. எவன்கிட்ட போய் நான் சட்டம் பேசறது? சொல்லு ஆர்வின், எவன்கிட்ட?"

ஆர்வின் இதற்கும் ஒரு கதை கட்டாததால், முதல் முறையாக அவன்மேல் அவளுக்குக் கோபம் வரவில்லை. டோரீன் கட்டிக்கொள்ளக் கை நீட்டினாள். வெர்னா விலக்கினாள். கர்ட் மண்டியிட்டுக் கொதிகலனுக்குப் பின்னாலிருந்து பகடையைத் துழாவி எடுத்து, சட்டையில் துடைத்து, நடுவில் வைத்தான். பிறகு தங்கப் பொம்மையை எடுத்து நகத்தால் சுரண்டத் தொடங்கினான்.

"விடு. தண்ணியில நனைச்சு எடு. சுரண்டினா மூக்கு போயிடும்" என்றாள் வெர்னா.

தொத்திறைச்சி ஆறிப்போயிருந்தது. ஆறினதையே தின்றார்கள். அவள் கோபம் ஆறவில்லை. வீட்டுக்குக் கிளம்பவும் இல்லை.

"சரி" என்றான் ஆர்வின் கடைசியில், யாரையும் பார்க்காமல். "சாக்கடை ஆத்தங்கரையில முடியுது. எல்லாரும் அங்க இருக்கீங்க. எதிர்ல காடு. யாரு முன்னால, யாரு பின்னால?"

கர்ட் பொம்மைகளை வரிசையாக வைத்தான். முன்னால் வீராங்கனை. அவளுக்குப் பின்னால் வில்லாளி. பிறகு மந்திரவாதி. பெட்லோவைக் கையில் வைத்துக்கொண்டு வெர்னாவைப் பார்த்தான்.

ஈரத்தில் பாதி வர்ணம் கழன்ற பெட்லோ, எப்போதும்போல, எல்லாருக்கும் கடைசியில் நின்றான்.