வெள்ளச்சி மேல் ஒரு குறையும் இல்லை

பந்தலூர்ப் பக்கத்துத் தேயிலை எஸ்டேட் ஒன்றில், கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார்கள் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளை விட்டுவிட்டுத்தான் மலையேற வேண்டும். விடுவது அவ்வளவு லேசில்லை. ஆயா ராஜகுமாரி வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, ஒவ்வொரு குழந்தையின் சட்டையையும் தூக்கிப் பார்ப்பாள். சொறி சிரங்கு எது தெரிந்தாலும் வந்த வழியே அனுப்பிவிடுவாள். மடியில் வெள்ளச்சி படுத்திருக்கும். பால் பவுடருக்கு வரும் எலிகளை ஒழிக்க வந்த பூனை. இப்போது காம்பராவுக்கே அதுதான் எஜமானி. மல்லிகைப்பூ நிறம், பளபளவென்ற முடி. தொழிலாளர் லயத்துப் பிள்ளைகள் அத்தனை பேரையும் குளிப்பாட்டி நிறுத்தினாலும் அதன் சுத்தத்துக்குப் பக்கத்தில் வரமாட்டார்கள்.

அந்த வாசலில்தான் ஜோவிதா மூன்றாம் தடவையாக மாட்டிக்கொண்டாள். இடுப்பில் இருந்த மகன் அஜயின் கன்னத்தில் சிவப்பாய் ஒரு வட்டம்.

"படர்தாமரை மறுபடியும் வந்திருச்சு. கூட்டிட்டுப் போ புள்ள."

"போன வாரம் நல்லாதானே இருந்துச்சு அக்கா. நீங்களே பாத்துதானே சேத்தீங்க?"

"நான் பாத்தப்ப நல்லா இருந்துச்சு. உன் ஊட்டுல என்ன அழுக்கோ, யாரு கண்டா? நீ முதல்ல வீட்டைக் கழுவு."

பின்னால் நின்ற பெண்கள் தங்கள் குழந்தைகளைக் கொஞ்சம் விலக்கிப் பிடித்துக்கொண்டார்கள். ஜோவிதாவுக்கு முகமெல்லாம் எரிந்தது. அவள் தற்காலிகத் தொழிலாளி. இந்த சீசனில் லீவு போடாமல் வந்தால் பர்மனென்ட் ஆக்குவதாகச் சொல்லியிருந்தார்கள். "இனி ஒரு வாரம் வேலைக்கு வராம நின்னா வேற ஆளு போட்டுருவாங்கம்மா, என் கையில ஒண்ணும் இல்ல" என்று மேஸ்திரி சில்வஸ்டர் முந்தின நாள்தான் காதில் போட்டிருந்தார்.

வீட்டில் கழுவ இனி எதுவும் பாக்கியில்லை. பாயை வெயிலில் போட்டாள், துணியைக் கொதிக்க வைத்தாள், எஸ்டேட் கொடுத்த புதுக் கம்பளிதான் காரணம் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அதையும் தூக்கிப் போட்டாள். மழையில் கம்பளி இல்லாமல் நனைந்ததுதான் மிச்சம். வீட்டில் இருந்தால் ஆறுகிறது, காம்பராவுக்குப் போனால் வருகிறது. இதை இவ்வளவு நாள் யோசிக்காமல் இருந்ததற்குத் தன்னையே திட்டிக்கொண்டாள்.

அன்று ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா வட்டத்தைப் பார்த்ததும் கேட்ட முதல் கேள்வி, "பூனை இருக்கா?"

"எங்க ஊட்டுல இல்லீங்க. காம்பராவுல இருக்குது. ஆனா அது மேல ஒரு புள்ளிகூட கிடையாதுங்க."

"அப்படித்தாம்மா இருக்கும். சில பூனைக்கு வெளியில ஒண்ணுமே தெரியாது. முடிக்குள்ள பூஞ்சை வெச்சிருக்கும், படுக்கிற இடமெல்லாம் உதுத்துட்டுப் போகும். அது எங்க படுக்குது?"

ஜோவிதாவுக்கு உடனே விளங்கிவிட்டது. தாய்மார்கள் கொடுத்த தொட்டில் சேலைகளைச் சாயங்காலம் மடித்து ஒரே கூடையில் போடுவது காம்பரா வழக்கம். இரவெல்லாம் வெள்ளச்சிக்கு அதுதான் மெத்தை. காலையில் அதே சேலைகள் தொட்டிலாகும்.

"பூனையைத் துரத்த வேண்டாம், மருந்து குடுத்தா சரியாயிரும். பையனுக்கும் களிம்பு போட்டு, துணியால மூடி, தனித் தொட்டில்ல விடலாம்" என்றார் டாக்டரம்மா.

மறுநாள் காலை ஜோவிதா எல்லாவற்றையும் வாசலில் வைத்துச் சொன்னாள். ராஜகுமாரிக்கு வந்த கோபத்தைப் பார்க்க வேண்டுமே! பூனையைத் தூக்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் காட்டினாள்.

"எங்க இருக்கு? காட்டு! ஒரு வட்டம் காட்டு பாப்போம்!"

"அது கண்ணுக்குத் தெரியாது அக்கா. இங்க குடுங்க."

ஜோவிதா அஜயைக் கீழே விட்டு, பூனையைப் பிடித்து இழுத்தாள். வெள்ளச்சி மிரண்டு, ராஜகுமாரியின் ஸ்வெட்டரில் நகத்தை மாட்டிக்கொண்டது. ஸ்வெட்டரின் கை முழங்கைவரை ஏறியது. முன்கையின் உள்பக்கத்தில் வரிசையாக வட்டங்கள். மேலே வெள்ளையாய்க் களிம்பு. அஜய்க்குப் போடும் அதே களிம்பின் வாசம்.

ராஜகுமாரி ஸ்வெட்டரை அவசரமாக இழுத்துவிட்டாள். பின்னால் நின்றவர்களுக்கு ஜோவிதாவின் முதுகுதான் தெரிந்தது.

"சத்தம் போடாத புள்ள," என்றாள், உதடு மட்டும் அசைய. "அடுத்த வருஷம் ரிட்டயர். இப்ப தெரிஞ்சா அனுப்பிருவாங்க."

தெரிந்தே செய்திருக்கிறாள். தன் கையை மூடிக்கொண்டு, குழந்தைகளின் சட்டையைத் தூக்கிப் பார்த்திருக்கிறாள். ஜோவிதாவுக்கு அவளை அங்கேயே நாலு அறை விடலாம் போலிருந்தது. ஆனால் கத்தினால் காம்பராவை மூடுவார்கள். மூடினால் வரிசையில் நிற்கும் எவளுக்கும் இன்றைக்குப் பேர் விழாது, கூலி கிடையாது. ஜோவிதாவுக்கும்தான்.

பூனையைக் காலிக் கூடை ஒன்றில் விட்டுச் சாக்கால் மூடினாள்.

"அந்தச் சேலை எல்லாத்தையும் கொதிக்க வைங்க. சாயங்காலம் வெள்ளச்சிய மாட்டாஸ்பத்திரிக்குக் கொண்டு போறோம். அப்புறம் நீங்க டாக்டரம்மாகிட்ட கையைக் காட்டுறீங்க. காட்டலேன்னா நான் காட்டுவேன்."

ராஜகுமாரி தலையாட்டினாள். அஜயைத் தொடவே தயங்கி, பின் சேலைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டு தூக்கித் தனித் தொட்டிலில் விட்டாள்.

ஜோவிதா படி இறங்கும்போது அடுத்த குழந்தையுடன் ஒருத்தி வந்து நின்றாள். வழக்கம்போல அவளே குழந்தையின் சட்டையைத் தூக்கிக் காட்டினாள். ராஜகுமாரி பார்க்கவில்லை.

"உள்ள கூட்டிட்டுப் போம்மா," என்றாள்.