சைவ ஓட்டலில் மருதையன் இலை

அன்று தஞ்சாவூருக்கு வந்தவர்கள்: மருதையன், அவன் மனைவி வேம்பு, விவசாயச் சங்கத்து முருகையன். அறுபத்தேழில் ஆட்சி மாறிய மறு வருஷம், தை மாதம். மிராசுதாரோடு நடந்த அறுப்புக் கூலித் தகராறு வழக்கில் மருதையன் பிற்பகல் கோர்ட்டில் சரணடைய வேண்டும். அதற்குமுன் ஊரைப் பார்த்துவிடலாம் என்றது வேம்புதான்.

பெரிய கோயில் வெயிலில் மிதந்தது. நந்தியைப் பார்த்த வேம்பு நகரவே இல்லை.

"மிராசுதாரு கண்ணுல பட்டா இதையும் ஏர்ல பூட்டிருவாரு" என்றான் மருதையன்.

"வாங்கண்ணே, சாப்பாடு முடிஞ்சிரும்" என்று முருகையன் சைவ ஓட்டலுக்கு அழைத்துப் போனான்.

சாம்பார், வத்தக்குழம்பு, ரசம், மோர் என்று வந்துகொண்டே இருந்தது. மருதையன் தூக்கத்தில் சாப்பிடுகிறவன் போல மெதுவாகச் சாப்பிட்டான். மிராசுதார் வீட்டுக் கொல்லையில் கூலியாட்கள் தங்கள் இலையைத் தாங்களே எடுக்க வேண்டும். அந்தப் பழக்கத்தில் இலையைச் சுருட்டிக்கொண்டு எழுந்தான்.

"அட, வைங்க. எலைய நாங்க எடுத்துக்குறோம்" என்றார் பரிமாறியவர்.

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"கையக் கழுவு, போ" என்றாள் வேம்பு.

கோர்ட்டில் அதிக நேரம் ஆகவில்லை. கிளைச்சிறை வாசலில் மருதையன் திரும்பி, "ரசம் நல்லா இருந்துச்சுல்ல?" என்றான். வேம்பு தலையாட்டினாள். காவலர் அவனை உள்ளே அனுப்பிக் கதவைச் சாத்திப் பூட்டினார்.