தாயின் பெயர்

கேப்டன் கூப்பிட்டு அனுப்பியபோது, ஜெர்மன் சிப்பாய் ருப்ரெக்ட் டால்க்கே ஒரு பிரெஞ்சு விவசாயியின் தோட்டத்தில் உட்கார்ந்து தன் பூட்ஸுக்கு மெருகு போட்டுக்கொண்டிருந்தான். பிரான்ஸ் சரணடைந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. ஆற்றைக் கடந்த அன்று, தோளில் குண்டு பாய்ந்த தோழன் ஹின்னெர்க்கை முதுகில் சுமந்து கரை சேர்த்ததற்காக அவனுக்கு இரும்புச் சிலுவைப் பதக்கம் கிடைத்திருந்தது. இதுவும் ஏதோ பாராட்டுத்தான் என்று நினைத்துக்கொண்டு போனான்.

மேஜையில் ஒரு படிவம் இருந்தது.

"பாதி யூதனா இருக்கறவன் இனிமே படையில இருக்கக் கூடாதாம். மேலிடத்து உத்தரவு. எல்லார்கிட்டயும் எழுதி வாங்கறேன்" என்றார் கேப்டன். "நிரப்பிக் கையெழுத்துப் போட்டுட்டுப் போ."

ருப்ரெக்ட் பேனாவை எடுக்கவில்லை. கேப்டன் அவன் முகத்தைப் பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்தினார்.

"யாரு, அப்பாவா அம்மாவா?"

"அம்மா. அப்பா இறந்து மூணு வருஷமாச்சு."

"நீ சொல்லல, நான் கேக்கல. வேற ஏதாவது பேரை எழுது. யாருடா வந்து தோண்டப் போறான்?"

பேனாவை எடுத்தான். 'தாயின் பிறந்த வீட்டுப் பெயர்' என்ற கட்டம் வரை கை தடையில்லாமல் ஓடியது. அங்கே எழுத, இல்லாத ஒருத்தியைக் கற்பனை செய்தாக வேண்டும். எவ்வளவு யோசித்தும் ஒரு பெயரும் வரவில்லை. அம்மாவின் பெயரையே, செல்மா லெவின் என்று எழுதினான். கேப்டன் பெருமூச்சு விட்டார்.

புறப்படும்போது ஹின்னெர்க் அவன் கழுத்தைக் கட்டிக்கொண்டான். "நீ யூதனாடா? என் பங்குப் பன்றிக்கறியையும் சேர்த்துத் தின்னவன் நீதானே!" எல்லோரும் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் தன் தட்டை எடுத்துக்கொண்டு தள்ளிப் போய் உட்கார்ந்தான்.

சொந்த ஊரான பிரெஸ்லாவில், இரண்டு வருடமாக அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசாத பக்கத்து வீட்டுக்காரி, சீருடையைப் பார்த்ததும் மாடிப்படியில் வழிவிட்டு நின்றாள். "அம்மா நல்லா இருக்காங்களா?" என்றுகூடக் கேட்டாள்.

அம்மா அடுப்பருகே நின்றிருந்தாள். "எத்தனை நாள் லீவு?"

"லீவு இல்லம்மா. அனுப்பிட்டாங்க." நடந்ததைச் சொன்னான்.

அகப்பையைப் பானை விளிம்பில் ஓங்கித் தட்டினாள். "பைத்தியக்காரா! ஒரு பொய் சொல்ல வரலையா உனக்கு? பள்ளிக்கூடத்துல எவ்வளவு புளுகியிருக்கே! அந்தச் சட்டை மேல இருந்த வரைக்கும் ஒருத்தனும் உன்னைத் தொட்டிருக்க மாட்டான்."

பேச்சை மாற்ற நினைத்தான். "நாங்க ஆத்தைத் தாண்டினப்போ..."

"நாங்களா?" என்றாள் அம்மா, மெதுவாக.

அவனுக்குக் கண் கலங்கிவிட்டது. "அவனுங்களை விட்டு வந்தது தாங்கலம்மா. அப்படி நினைக்கறதே வெக்கமா இருக்கு."

அவள் நாற்காலியை இழுத்து எதிரே உட்கார்ந்தாள். "நான் மட்டும் என்ன யோக்கியம்? உன் படை தோக்கணும், நீ மட்டும் முழுசா திரும்பி வரணும்னு தினமும் வேண்டிக்கிட்டேன். மத்த பசங்களுக்கும் அம்மா இருப்பாங்கன்னு தெரிஞ்சுதான் வேண்டிக்கிட்டேன்."

பிறகு, "ஹின்னெர்க்குனு யாரையோ எழுதியிருந்தியே, எப்படி இருப்பான்?" என்று கேட்டாள். சூப் ஆறிப்போகும்வரை ருப்ரெக்ட் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மறுநாள் சீருடையை ஒப்படைத்தான். ஒரு செங்கல் சூளையில் வேலை கிடைத்தது. அடுத்த கோடையில் படை ரஷ்யாவுக்குள் போனது. அங்கிருந்து ஹின்னெர்க் எழுதினான். ஒவ்வொரு கடிதத்திலும் செத்தவர்களின் பெயர்கள் இருந்தன. தட்டை எடுத்துக்கொண்டு போனவன் பெயரும் ஒருநாள் வந்தது. ருப்ரெக்ட் எல்லாவற்றையும் அம்மாவுக்கு உரக்கப் படித்துக் காட்டுவான். அவள் கடைசிவரை கேட்டுவிட்டு, ஒவ்வொரு பெயருக்கும் ஒன்றே ஒன்றுதான் கேட்பாள்:

"அந்தப் பையனுக்கு என்ன வயசு?"