நாத்தனார் கட்டின டேப்

பதினோரு மாசமா என் காலை என் நாத்தனார் கையில குடுத்திருந்தேன்.

எனக்கு நாப்பத்தாறு வயசு. மாடிப்படியில ரெண்டு தடவை உருண்டதுல வலது கணுக்கால் லூசாயிடுச்சு. ஓடும்போது திடீர்னு பாதம் உள்பக்கமா மடங்கிக்கும். அதுக்காக ஓடறத விட மனசு வரல. கம்பெனி கிளினிக்ல இருக்கற பிசியோ பொண்ணு வெள்ளை டேப் ஒட்டிப் பழக்கினா. உள்பக்கத்துல ஆரம்பிச்சு, குதிகாலுக்கு அடியில கொண்டுபோய், வெளிப்பக்கமா மேல இழுக்கணும். அப்பதான் பாதம் உள்ள சாயாது. "நீங்களே கட்டினா இழுப்பு சரியா வராது, யாரையாவது கட்டச் சொல்லுங்க"ன்னா.

யாரையாவது என்ன, நாத்தனார் இருக்காளே. ரெண்டு பேரும் ஒரே தையல் கம்பெனி. நான் கட்டிங், அவ பேக்கிங். நாள் முழுக்க டேப் கிழிக்கற கை. ஒரே தடவைல கத்துக்கிட்டா.

இந்த வருஷம் கம்பெனி ரிலே டீம்ல மூணு இடம் முடிவாயிடுச்சு. நாலாவதுக்கு நானும் அவளும்தான். யாரு அஞ்சு கிலோமீட்டர முதல்ல முடிக்கறாங்களோ அவங்களுக்கு. அடுத்த வருஷத்துலேருந்து நாப்பத்தஞ்சுக்கு மேல சேத்துக்க மாட்டாங்களாம். எனக்கு இதான் கடைசி.

அந்த ஓட்டத்தன்னைக்குக் காலையிலயும் அவதான் கட்டினா. அவ மடியில என் கால்.

"டெலிவரி பொட்டி மாதிரி கட்டறேன் அண்ணி. மேல 'உடையும் பொருள்'னு ஒட்டிடவா?"

"ஒட்டுடி, உங்க அண்ணனுக்குத் திருப்பி அனுப்பிடு."

சிரிச்சிட்டே இருந்தேன். கீழ குனிஞ்சு பாக்கவே இல்ல.

மூணாவது கிலோமீட்டர் வரைக்கும் நான்தான் முன்னாடி. ஒரு வளைவுல கால் பொசுக்குனு உள்ள மடங்குச்சு. முட்டி தேய விழுந்தேன். அவ என்னைத் தாண்டிப் போனா. திரும்பிப் பாத்தா, ஆனா நிக்கல.

கிளினிக்ல பிசியோ பொண்ணு டேப்ப வெட்டாம கொஞ்ச நேரம் பாத்துட்டே இருந்தா. "யாரு கட்டினதுக்கா? வெளியேருந்து உள்பக்கமா இழுத்திருக்கு. இது மடங்கறத தடுக்காது, மடக்கி விடும்."

அவசரத்துல மாத்திட்டா போலன்னு நினைச்சேன். கடவுள் சத்தியமா அப்படித்தான் நினைச்சேன். சாயங்காலம் வீட்டுக்கு வந்த நாத்தனார்கிட்ட அப்படியேதான் கேட்டேன். அவ மூஞ்சி மாறிடுச்சு.

"நீங்க விழுவீங்கன்னு நினைக்கல அண்ணி. கொஞ்சம் தயங்கி ஓடுவீங்க, நான் முந்திடலாம்னுதான்... எல்லாத்துலயும் எனக்கு முன்னாடி நீங்கதானே."

"என்கிட்ட கேட்டிருந்தா விட்டுக் குடுத்திருப்பேனேடி."

"அதான் வேண்டாம்னு இருந்துச்சு."

மறுநாள் டீம் இன்சார்ஜ் அம்மா என்னைப் பாக்க வந்தாங்க. "எப்படி விழுந்தே? கால் சரியாத்தான கட்டியிருந்தே?"

என் வீட்டுக்காரர் அவங்க பின்னாடி நின்னு கையால 'வேண்டாம்'னு காட்டறாரு. ராத்திரியே சொல்லிட்டாரு, "தங்கச்சி பேரு கெடும், விடு. ஒரு ஓட்டம்தானே?" என் கால் யானைக்கால் மாதிரி வீங்கிக் கெடக்குது. அதப் பத்தி ஒரு வார்த்தை இல்ல.

நான் நடந்தத சொல்லிட்டேன். ஒண்ணும் கூட்டல, ஒண்ணும் குறைக்கல.

அவளை டீம்லேருந்து எடுத்துட்டாங்க. தையல் செக்‌ஷன் பொண்ணு ஒருத்திய போட்டாங்க. வீட்டுக்காரர் என்கூட பேசறதில்ல. சாப்பாட்ட தட்டுல போட்டு வெச்சா எடுத்துக்கறாரு.

நேத்து அவ போன் பண்ணினா. ஒரே அழுகை.

"உங்ககிட்ட மட்டும்தான் மனசு விட்டுச் சொன்னேன். அதப்போய் வெளிய சொல்லிட்டீங்களே. உங்கள எவ்வளவு நம்பினேன் தெரியுமா அண்ணி?"

எனக்குச் சிரிப்பு வரல, அழுகையும் வரல. அவ பேசி முடிக்கற வரைக்கும் போனை காதுலயே வெச்சிருந்தேன். அப்பறம் வெச்சுட்டேன்.