சூடு ஆறாத எரு

நான் வாய்க்காரி. பக்கவாதம் வந்து என் வீட்டுக்காரருக்குப் பேச்சு போன பிறகு கேட்கவே வேண்டாம், இரண்டு பேருக்கும் சேர்த்து நானே பேசினேன்.

அவருக்கு மிச்சமிருந்தது கட்டிலோர ஜன்னலும், படுக்கையில் விழுவதற்கு முன் கடைசியாக நட்ட இருபத்திரண்டு தக்காளிச் செடிகளும்தான். முதல் பூ விட்ட அன்று கோணல் வாயோடு சிரித்தார். அன்றிலிருந்து தட்டைத் தள்ளாமல் சாப்பிட்டார்.

செடி பிழைத்தால் மனுஷனும் பிழைத்துவிடுவார் என்று என் மண்டையில் ஏறிவிட்டது. கோழிப் பண்ணைக்காரரிடம் சொல்லி நான்கு மூட்டை எரு இறக்கினேன். உள்ளே கை விட்டால் சுட்டது. ஆகா, நல்ல வீரியம் என்று பூரித்துப் போனேன். மூளை இருந்தால்தானே! ஒவ்வொரு தூரிலும் இரண்டு கை அள்ளி அணைத்தேன்.

உள்ளே அவர் கட்டில் கம்பியைத் தட்டினார். நிமிர்ந்து பார்த்தால், கண் பிதுங்க இடது கையை ஆட்டிக்கொண்டிருந்தார்.

"தெரியுதுங்க, நாத்தம் குடலைப் பிடுங்குது. ரெண்டு நாள் பொறுத்துக்கோங்க" என்று ஜன்னலைச் சாத்தினேன். தட்டல் நிற்கவில்லை. "சும்மா இருங்களேன்! உங்க செடிக்குத்தானே உயிரை விடுறேன்!" என்று கத்தினேன்.

ஐந்தாம் நாள் இலையெல்லாம் ஓரம் கருகித் தொங்கியது. பண்ணைக்காரருக்குப் போன் போட்டேன்.

"அய்யய்யோ, அப்படியே போட்டுட்டீங்களாக்கா? குவிச்சு மூடி அஞ்சாறு மாசம் மக்க விடணுமே. அண்ணன்கிட்ட ஒரு வார்த்தை கேக்கலையா?"

தோட்டத்து மூலையில் அவர் சாக்குப் போட்டு மூடிவைத்த குவியல் ஒன்று இருந்தது. குப்பை என்று நினைத்து, மூட்டை இறக்க இடம் வேண்டி, நான்தான் வாரிக் கொட்டியிருந்தேன்.

எருவை வழித்தெடுத்தேன். குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினேன். வேர் வெந்த பிறகு என்ன ஊற்றி என்ன? பாவி, பார்த்துக்கொண்டே நின்றேன். இருபத்திரண்டும் போயின.

ஜன்னலை நான் திறக்கவே இல்லை. இன்று காலை அவர் தட்டைத் தள்ளிவிட்டுக் கம்பியைத் தட்டினார். ஜன்னலைக் காட்டினார். இந்தத் தடவை அவர் கேட்டது எனக்கு ஒழுங்காகப் புரிந்தது.

"இன்னும் நாத்தம் போகலைங்க" என்றேன். அதற்கு மேல் வாய் வரவில்லை.

என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு கையைக் கம்பியிலிருந்து எடுத்துப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார்.