பதில் கல்

வெள்ளைக் கல் திரையின் கீழ் ஓரத்தில் வந்து விழுந்ததும் பொன்னுச்சாமியின் வலது கை தானாக மௌஸை நோக்கிப் போனது. போன கையை இடது கையால் இழுத்துத் தொடைக்கு அடியில் வைத்து, அதன் மேல் உட்கார்ந்துகொண்டார். ஐம்பதை நெருங்குகிற மனிதர், வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. தொண்டி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற இன்டர்நெட் கடையில் தன் கை மேல் தானே ஏறி உட்கார்ந்திருந்தால் பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பு வரத்தான் செய்யும். கடைக்காரர் பாக்கருக்கு வந்தது. துபாயில் இருந்துவிட்டு ஊர் திரும்பி நாலு கம்ப்யூட்டர் போட்டுக் கடை வைத்தவர் அவர். பொன்னுச்சாமிக்கு மாமா முறை சொல்லிப் பழக்கம்.

“என்ன மாப்ள, அந்தக் கை என்ன தப்புப் பண்ணுச்சு?”

“விட்டா பதில் வச்சிரும் மாமா. இன்னைக்கி வைக்கக் கூடாது.”

பாக்கருக்கு அந்த விளையாட்டின் பெயர் மட்டும் தெரியும். கோ. குறுக்கும் நெடுக்குமாகப் பத்தொன்பது கோடுகள். கோடுகள் சந்திக்கிற புள்ளியில் ஒருவர் கறுப்புக் கல் வைப்பார், மற்றவர் வெள்ளைக் கல் வைப்பார். வைத்த கல் நகராது, சுற்றி வளைத்து அடைத்தால்தான் பிடிபடும். கல்லால் வேலி கட்டி யார் அதிக இடத்தை வளைத்துக்கொள்கிறாரோ அவரே ஜெயித்தவர். சொல்லிக் கொடுக்க ஒரு டீ குடிக்கிற நேரம் போதும். விளையாடத்தான் ஆயுசு பற்றாது.

பொன்னுச்சாமிக்கு இது சிங்கப்பூரில் ஒட்டிக்கொண்ட வியாதி. கப்பல் பட்டறையில் வெல்டராக இருந்தபோது, கிரேன் ஓட்டுகிற லின் என்கிற சீனன் ஞாயிற்றுக்கிழமைகளில் பலகையை விரித்துவைத்துக்கொண்டு எவனாவது சிக்குவானா என்று பார்த்துக்கொண்டிருப்பான். இவர் சிக்கினார். பொன்னுச்சாமி ஊருக்குத் திரும்பி, லின்னும் தன் ஊருக்குப் போன பிறகு ஆட்டம் இன்டர்நெட்டுக்கு மாறியது. வாரா வாரம் ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர் தொண்டிக்கு பஸ் ஏறுவது ஊர் முழுக்கத் தெரிந்த சங்கதி. தொடங்கும் முன்பே ஆறு கறுப்புக் கல்லைப் பலகையில் இவருக்கு இனாமாக வைக்கவிட்டுத்தான் லின் ஆடுவான். அப்படியும் இத்தனை வருஷத்தில் இவர் ஒரு ஆட்டம்கூட ஜெயித்ததில்லை. ஒன்றுகூட இல்லை.

போன வருஷம் ஒரு நாள், தோற்கடித்து முடித்துவிட்டு லின் தங்கள் இருவருக்கும் பொதுவான அந்தப் பட்டறை இங்கிலீஷில் ஒரு விஷயம் எழுதினான். நான் எங்கே வைத்தாலும் அதன் பக்கத்திலேயே வந்து வைக்கிறாய். நான் ஓரத்தில் சும்மா சீண்டுகிறேன், நீ ஓடி வருகிறாய். அதற்குள் நான் பெரிய இடத்தைப் பிடித்துவிடுகிறேன். எல்லாம் சரி, உன்னுடைய ஆட்டத்தை நீ எப்போது ஆடுவாய்?

பொன்னுச்சாமிக்கு அது சுருக்கென்று தைத்தது. அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. லின் சொன்னது முழு உண்மை, ஆனால் அது ஏன் என்று லின்னுக்குத் தெரிய வழியில்லை. அவன் இவருடைய ஊரில் பிறக்கவில்லையே.

இவர் ஊர் தொண்டிக்கு மேற்கே, பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரையோடு நடந்து போக வேண்டிய வானம் பார்த்த பூமி. அங்கே நிலம் வைத்திருக்கிற எவனும் பங்காளியின் வரப்பைச் செதுக்காமல் இருந்ததில்லை. புழுதி உழவுக்கு முன்னால் புல் கழிக்கிறேன் என்று மம்பட்டியோடு வரப்பில் இறங்குவான். புல்லோடு ஒரு விரல் கனம் மண்ணும் போகும். அதை யாரும் திருட்டு என்று சொல்வதில்லை. பார்த்துவிட்டால் அன்றைக்கே, அந்த நேரமே, மண்ணை அள்ளி எடுத்த இடத்தில் அப்பிவிட வேண்டும். அதுதான் அங்கே முறை. ஒரு நாள் விட்டுப் போய்க் கேட்டால் வரப்பு எப்போதுமே அங்கேதான் இருந்தது என்று ஆகிவிடும், சாட்சிக்கும் ஆள் வந்து நிற்பார்கள். மம்பட்டி தூக்கத் தெரிந்த நாளிலிருந்து பொன்னுச்சாமி இப்படி மண் அப்பி வளர்ந்தவர். ஓரத்தில் எவன் கை வைத்தாலும் அவருக்கு உடம்பு முழுக்கப் பற்றிக்கொண்டு வரும். அது வரப்பா திரையா என்று கைக்கு எப்படித் தெரியும்?

தெரியவைத்தே தீருவது என்று அவர் கிளம்பினார். பிளைவுட் பலகையில் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டார். கறுப்புக்குப் புளியங்கொட்டை, வெள்ளைக்குத் தொண்டிக் கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சல். மத்தியானம் வெயில் தாழும்வரை மனைவி ராமலெட்சுமியை எதிரே உட்காரவைத்தார். “நீ ஒண்ணும் யோசிக்க வேணாம். என் ஓரமாப் பாத்துச் சும்மா சீண்டிக்கிட்டே இரு” என்பது ஏற்பாடு. ராமலெட்சுமி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டே, பலகையைப் பார்க்காமல்கூட ஒரு கிளிஞ்சலை வைப்பாள். இவர் புளியங்கொட்டையோடு பாய்ந்து விழுவார்.

“வச்சிட்டீக பாருங்க. நா சும்மாதான வச்சேன்?”

தோற்பதைவிட அந்தச் சிரிப்பு மோசமாக இருந்தது. ஆனாலும் விடவில்லை. டீக்கடையில் எவனாவது வம்புக்கு இழுத்தால் பதில் சொல்லாமல் எழுந்து வந்து பழகினார். பொன்னுச்சாமிக்கு உடம்புக்கு ஏதோ வந்துவிட்டது என்று ஊரில் பேச்சுக் கிளம்பியது. பாக்கர் கடையில் ஆட்டப் புதிர்க் கணக்குகளைப் பிரிண்ட் எடுத்து வீட்டில் மிளகாய் மூட்டை அடுக்கியிருந்த அறைச் சுவரில் ஒட்டிவைத்து, தும்மிக்கொண்டே போட்டுப் பார்த்தார். முன்பெல்லாம் பாதி ஆட்டத்தில் கவிழ்ந்தவர் இப்போது கடைசிவரை நின்று தோற்றார். அதுவே பெரிய முன்னேற்றம் என்று லின்னும் ஒத்துக்கொண்டான்.

போன ஞாயிற்றுக்கிழமை லின் ஒரு சேதி சொன்னான். ஆப்பிரிக்காவில் கடலுக்கு நடுவே எண்ணெய்க் கிணற்றில் வேலை கிடைத்திருக்கிறது. போனால் திரும்புவதற்கு வருஷக்கணக்காகும். அங்கே விளையாட வழியில்லை. அடுத்த ஞாயிறுதான் கடைசி ஆட்டம்.

அந்தக் கடைசி ஆட்டம்தான் இப்போது நடந்துகொண்டிருந்தது. பொன்னுச்சாமிக்கு இந்த வயதில் பெரிய ஆசைகள் எதுவும் இல்லை. பெண்ணைக் கட்டிக் கொடுத்தாயிற்று, வீட்டுக்குத் தளம் போட்டாயிற்று. லின்னை ஒரே ஒரு தடவை ஜெயிக்க வேண்டும். அதற்கு இன்றைக்கு விட்டால் நாள் இல்லை. அதிலும் மத்தியானம் கரண்டு போய்விடும். ஊருக்கு ஊர் மின்வெட்டு நேரத்தைத் தாளில் எழுதி ஒட்டியிருந்த வருஷம் அது.

கீழ் ஓரத்தில் விழுந்த வெள்ளைக் கல்லை மறுபடி பார்த்தார். அங்கே பதில் வைக்காவிட்டால் ஒரு வரிசை இடம் போகும். போகட்டும் என்று நினைக்க மனசு வரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு பலகையின் மற்றப் பக்கத்தைப் பார்த்தார். வலது பக்கம் லின்னின் கல்கள் இரண்டு கூட்டமாக நின்றன. இரண்டுக்கும் நடுவில் ஒரே ஒரு புள்ளி காலி. அதில் கறுப்பு விழுந்தால் இரண்டும் தனித்தனியாகத் திண்டாடும். லின்னுக்கு இன்னொரு முறை கிடைத்தால் அதை அடைத்துவிடுவான்.

சட்டைப் பையில் போன் அடித்தது. ராமலெட்சுமி.

“எங்கன இருக்கீக?”

“தெரியாதாக்கும். லின்னு கூட.”

“லின்னு கெடக்கட்டும். இங்கன ஒங்க தம்பி மம்பட்டியோட எறங்கிட்டாரு. நீங்க தொண்டியில இருப்பீகன்னு தெரிஞ்சுதான. கெழக்கு வரப்பு. அள்ளி அள்ளிப் போடுறாரு.”

தம்பி என்றால் சித்தப்பா மகன் இருளாண்டி. அப்பன்மார் பாகம் பிரித்ததில் இவர் வயலுக்குக் கிழக்கேயும் அவன் நிலம், மேற்கேயும் அவன் நிலம்.

“கேட்டியா?”

“கேட்டேன். புல்லு கழிக்கிறேன் மதினிங்கிறாரு. நீங்க வாரீகளா, இல்லையா?”

கடை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்பக்கம்தான். பஸ்ஸும் நிற்கிறது, கண்டக்டர் ஊர்ப் பெயரைச் சொல்லிக் கூப்பிடுவது இங்கே கேட்கிறது. இப்போது ஏறினால் மண் ஈரம் காய்வதற்குள் போய் அப்பிவிடலாம். பொன்னுச்சாமி பாதி எழுந்துவிட்டார். அப்பன் விட்டுப் போன நிலம். அதைவிட, நாளைக்கு டீக்கடையில் இருளாண்டியின் முகத்தைப் பார்க்க வேண்டும். திரையில் லின் காத்திருந்தான்.

“வரல” என்றார்.

“என்னது?”

“வரல ராமு. இப்ப வரல.”

அந்தப் பக்கம் போன் கட்டானது. கோபத்தில் வைத்துவிட்டாள் என்றுதான் நினைத்தார். நினைத்துக்கொண்டே உட்கார்ந்து, அந்தக் காலிப் புள்ளியில் கறுப்பை வைத்தார்.

எப்போதும் டக்கென்று வந்து விழும் வெள்ளைக் கல் வரவில்லை. லின்னின் கடிகாரம் ஓடியது. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று ஒயரைத் தொட்டுப் பார்த்தார். அறுபடவில்லை. எதிரே ஒருவன் யோசித்துக்கொண்டிருக்கிறான். இவர் வைத்த கல்லைப் பார்த்து லின் யோசிக்கிறான்! கடைசியில் ஒரு வெள்ளைக் கல் வந்தது. கீழ் ஓரத்தில் இல்லை. இவர் கறுப்புக்குப் பக்கத்தில், ஒட்டி.

“என்ன மாப்ள, தோத்துட்டீகளா? மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு” என்றார் பாக்கர்.

“இல்ல மாமா. பதில் வச்சிருக்கான்.”

சொல்லிக்கொண்டே திரையை அவர் பக்கம் திருப்பிக் காட்டினார். பாக்கர் ஒன்றும் விளங்காமல் தலையை ஆட்டிவைத்தார். அடுத்து இவர் வைத்ததற்கும் லின் பக்கத்திலேயே வைத்தான். அதற்கடுத்ததற்கும். ஒரு கூட்டம் தப்பினால் இன்னொரு கூட்டம் மாட்டும் நிலை. பொன்னுச்சாமி மனசுக்குள் இடங்களைக் கூட்டிப் பார்த்தார். பயந்துகொண்டு மறுபடி கூட்டினார். கொஞ்சம்தான், மயிரிழைதான், ஆனால் கறுப்பு முன்னால் நின்றது.

கரண்டு போனது. மின்விசிறி நின்று, யு.பி.எஸ். கீ கீ என்று கத்த ஆரம்பித்தது. “பேட்டரி ரொம்பத் தாங்காது, சட்டுனு முடிங்க” என்றார் பாக்கர். அந்த நேரம் பார்த்து மறுபடி போன்.

“இந்தாங்க, நா மேக்கு வரப்புல நிக்கிறேன்.” ராமலெட்சுமிக்கு மூச்சு இரைத்தது.

“கெழக்கதான வெட்டுறான், நீ மேக்க எதுக்குடி போன?”

“அங்கன போயி மண்ணு அப்பிக்கிட்டு நிக்க எனக்கென்ன வேற வேலையில்லையா? அவரு வெட்டட்டும். இங்கன அவரு பக்கத்துல நா எறங்கிட்டேன். அவரு வெரக்கட வெட்டுனா நா சாணு வெட்டுறேன்.”

“அடியே!”

“அந்தா, மம்பட்டியப் போட்டுட்டு ஓடியாராரு. இருங்க, வச்சிராதீக.”

போனை வரப்பில் வைத்துவிட்டாள் போலிருந்தது. மம்பட்டி மண்ணில் இறங்குகிற சத்தம் தெளிவாகக் கேட்டது. ஒன்று, அப்புறம் ஒன்று, அவசரமே இல்லாமல். தூரத்திலிருந்து “மதினி, ஏ மதினி, இங்கன என்ன பண்றீக” என்று இருளாண்டியின் குரல் நெருங்கி வந்தது.

திரையில் கீழ் ஓரத்தில் இன்னொரு வெள்ளைக் கல் வந்து உட்கார்ந்தது. பொன்னுச்சாமி அதைப் பார்த்தார். போனைத் தோளுக்கும் காதுக்கும் நடுவே இடுக்கிக்கொண்டு, அம்புக்குறியைப் பலகையின் மறுகோடிக்கு, இன்னும் யாரும் கை வைக்காத மேல் பக்கத்துக்கு நகர்த்திக்கொண்டு போனார். ராமலெட்சுமி மம்பட்டியை ஓங்குகிற மூச்சு காதில் கேட்டது. அது மண்ணில் விழுந்த அதே நேரத்தில் அவரும் கல்லை வைத்தார்.